சீலிங்கில் ஒரு பாலம்

காட்டைச் சுத்தம் செய்வது என் தொழில். மிரள வேண்டாம். காட்டுக்குள் நான் இதுவரை கால் வைத்ததே இல்லை. அட்டை கடிக்கும் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து புல்தரையைக்கூடச் சுற்றிக்கொண்டுதான் போகிறேன். நான் சுத்தம் செய்வது தாளில் இருக்கிற காட்டை.

தேசியப் பூங்காக்களின் வாசலில் ஒரு காலத்தில் மடித்த வரைபடம் ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். ஏரி எங்கே, காவல் கோபுரம் எங்கே, எந்த ஒற்றையடிப் பாதை எங்கே போய்ச் சேரும், மான் எங்கே தண்ணீர் குடிக்கும், எல்லாம் கையால் வரைந்து வண்ணத்தில் அச்சடித்திருக்கும். வாங்கியவர்கள் அதை மழையில் நனைப்பார்கள், அதன்மேல் சாப்பாட்டுப் பொட்டலம் பிரிப்பார்கள், தப்புத் தப்பாக மடிப்பார்கள், கடைசியில் ஏதாவது அலமாரியில் செருகிவிட்டு மறந்துபோவார்கள். பழைய புத்தகக் கடைகளிலும் வீடு காலி செய்கிறவர்களிடமும் நான் அவற்றைத் தேடிப் பிடிப்பேன். ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, மடிப்பு, கிழிசல், பூச்சி தின்ற ஓட்டை, கறை எல்லாவற்றையும் நீக்கி, வெளுத்துப்போன பச்சையைத் திரும்ப அழைத்துவந்து, பெரிதாக அச்சடிப்பேன். என் மனைவி சட்டம் போடுவாள். பிறகு அது யாரோ ஒருவர் வீட்டு வரவேற்பறையில் சோபாவுக்கு மேலே தொங்கும். மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குகிறவர்கள்தான் செங்குத்தான மலைப்பாதைகளை ஆசைப்பட்டு வாங்குகிறார்கள் என்பது இத்தனை நாள் கடை நடத்தியதில் நான் கண்டது.

கறை எடுக்கிற வித்தையை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் வரப்போகிற வம்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது. கறையை அழித்தால் அந்த இடம் வெற்றாகிவிடும். சுற்றி என்ன இருக்கிறதோ அதையே கொஞ்சம் எடுத்து உள்ளே நிரப்ப வேண்டும். மரங்களுக்கு நடுவே கறை என்றால் மரம். ஏரிக்கு நடுவே என்றால் தண்ணீர்.

"கரடி மேல டீ கொட்டியிருந்தா, கரடியையும் சேர்த்துத் துடைச்சிட்டு அங்க நாலு மரம் வெச்சிடுவீங்க," என்பாள் மனைவி. சட்டம் போடுகிறவளுக்கு வாய் அதிகம். படம் கோணலாகத் தெரிந்தால் அது என் தப்பு, நேராகத் தெரிந்தால் அது அவள் சட்டம்.

ஆனால் எனக்கும் ஒரு கொள்கை உண்டு. "மூலத்தில் இல்லாத ஒரு கோட்டைக்கூட நான் சேர்க்க மாட்டேன்." கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்வேன். நான் சொல்லும்போது மனைவி எனக்குப் பின்னால் நின்று சத்தமில்லாமல் அதே வாக்கியத்துக்கு வாயசைப்பாள் என்பது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. வருகிறவர்கள் சிரித்துக்கொண்டே வாங்கிப் போனதற்குக் காரணம் என் பேச்சு என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மனைவியின் தங்கை, அதாவது என் மச்சினி, பல் டாக்டர். சைக்கிள் கடைக்கு மேலே இருந்த மாடி அறையைப் பிடித்துப் புதிதாகக் கிளினிக் திறந்திருந்தாள். ஒரு நாள் கடைக்கு வந்து, "அத்தான், எனக்கு ஒரு காடு வேணும்," என்றாள்.

"சுவருக்கா?"

"சீலிங்குக்கு. என் நாற்காலியில படுக்கறவங்க எல்லாரும் மேலதான் பார்க்கறாங்க. அங்க ஒரு விரிசல் இருக்கு. அதைப் பார்த்துப் பார்த்தே பாதிப் பேர் பயந்துடறாங்க. நான் பல்லைக் குடையற நேரம் அவங்க காட்டுக்குள்ள நடந்துட்டு இருக்கட்டுமே."

என்னிடம் இருந்ததிலேயே அழகானதை எடுத்துக் கொடுத்தேன். மலை, ஆறு, ஏரி, ஓரமாக நின்று முறைக்கிற ஒரு கரடி. மேலே தெளிவான அக்ரிலிக் ஷீட்டை வைத்து நாலு மூலையிலும் திருகு போட்டு மாட்டினோம். படுக்கிறவரின் மூக்குக்கு நேர் மேலே வனத்துறைச் சோதனைச் சாவடி. அங்கேயிருந்து பாதை கிளம்பும்.

யோசனை பிரமாதமாக வேலை செய்தது. பள்ளிக்கூட டீச்சர் ஒருவர், "டாக்டர், போன தடவை காவல் கோபுரத்துல விட்டேன், அங்கேயிருந்து ஆரம்பிக்கலாம்," என்றுதான் வாயே திறந்தாராம். தெருமுனைத் தையல்காரர் ஏரிக்கரையில் ஒரு துண்டு நிலம் பார்த்துவைத்திருப்பதாகச் சொன்னாராம். நான் தெருவில் நிமிர்ந்து நடந்தேன்.

இப்போது மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளியூர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஸ்டியரிங்கைத்தான் விட்டார், ரோட்டை விடவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் "வாங்க"வுக்கு அடுத்த கேள்வி, "எந்த வழியா வந்தீங்க?" எந்த வழியைச் சொன்னாலும் அது தப்பு. "அடடா, அங்க ஏன் திரும்பினீங்க? நேரா வந்து தண்ணித் தொட்டிகிட்ட இடது பக்கம் ஒடிச்சிருந்தா அப்பவே வந்து சேர்ந்திருப்பீங்களே!" துக்கம் விசாரிக்கப் போன வீட்டில்கூட, கிளம்புகிறவர்களை வாசலில் நிறுத்தி வழியைத் திருத்தி அனுப்பியவர் அவர். பெண் பார்க்க நான் முதல் முறை போனபோதும் கேட்டார். வழி தெரியாமல் அதே தெருவையே சுற்றிச் சுற்றி வந்ததை வெள்ளந்தியாகச் சொன்னேன். இவனுக்கா என் பெண் என்பது போல ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை இன்னும் முழுசாகத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

அவருக்குக் கடைவாய்ப் பல் ஒன்று கெட்டுப்போயிருந்தது. அவர் சொல்லவில்லை, நாங்களாகக் கண்டுபிடித்தோம். காபியைத் தலை சாய்த்துக் குடித்தார். ஒரு பக்கமாகவே மென்றார். வழி சொல்வதைக்கூடக் குறைத்துக்கொண்டார். அதுதான் என் மாமியாரை உண்மையில் பயமுறுத்தியது. "தபால்காரர் தப்பான சந்துல போறார், இவர் பார்த்துட்டே நிக்கறார் மாப்பிள்ளை. ஒரு வார்த்தை சொல்லலை!" என்று போனில் அழாத குறையாகச் சொன்னார்.

பெற்ற பெண் பல் டாக்டர். கிளினிக் நடந்து போகிற தூரம். கேட்டால், "எனக்கென்ன? என் பல்லெல்லாம் கல்லு மாதிரி இருக்கு," என்பார், கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டே.

மச்சினி அதையும் சிரிப்பாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தாள், தையல்காரர் வாயைக் கொப்பளித்துவிட்டு அந்தச் செய்தியைச் சொல்லும்வரை. "உங்கப்பாவைப் பெரிய ரோட்டுல இருக்கற பல் ஆஸ்பத்திரியில பார்த்தேன் டாக்டர். உட்கார்ந்திருந்தார். பேரைக் கூப்பிட்டு உள்ள போனவர், போன வேகத்துல வெளிய ஓடிட்டார்."

அன்று சாயங்காலம் அவள் எங்கள் கடைக்கு வந்து சட்டங்கள் அடுக்கியிருந்த பெட்டி மேல் உட்கார்ந்தாள்.

"ஊர்ல இருக்கறவங்க எல்லாம் என்கிட்ட வாயைத் திறக்கறாங்க அத்தான். எங்கப்பா மட்டும் என்னைப் பார்த்தா மூடிக்கறார்."

நான் ஏதோ கேலி சொல்ல வாயெடுத்தேன். மனைவி என் காலை மிதித்தாள்.

"சின்னப் பிள்ளையில லீவு விட்டா அவர் ஓட்டற பஸ்லயே ஏறிப்பேன்," என்றாள் மச்சினி. "அவருக்குப் பின்னால முதல் சீட்டு. மலைப்பாதை, மழை, எதுவா இருந்தாலும் நான் பாட்டுக்குத் தூங்கிடுவேன். ஊர் வந்ததும் வந்து தட்டுவார். 'வந்தாச்சு பாப்பா, எழுந்திரு.' அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அவர் ஓட்டறார்னா நான் கண்ணை மூடிக்கலாம். என் நாற்காலியில ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவர் அந்த மாதிரி கண்ணை மூடிப் படுக்கணும். கேட்டா தர மாட்டேங்கறாரே."

மனைவி அவளுக்கு டீ போட உள்ளே போனாள். உள்ளேயிருந்து மனைவியின் மூக்குறிஞ்சலும் டீ வடிகட்டுகிற சத்தமும் கலந்து வந்தன. எனக்கு ஒரு யோசனை தோன்றியது. என் யோசனைகளைப் பற்றிக் குடும்பத்தில் நல்ல அபிப்பிராயம் கிடையாது என்பதால் யாரிடமும் சொல்லாமல் நேராக மாமனாரைப் போய்ப் பார்த்தேன்.

"மாமா, கிளினிக் சீலிங்ல ஒரு மேப் மாட்டியிருக்கேன். அதுல ஒரு பாதை இருக்கு. சரியாப் போகுதான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு."

"உங்களுக்குச் சந்தேகமா இருந்தா தப்பாத்தான் போகும்," என்று சட்டை மாற்றிக்கொள்ளப் போனார்.

கிளினிக்கில் நாற்காலியிலிருந்து எட்டி நின்றே அண்ணாந்து பார்த்தார். கழுத்து வலித்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார். மச்சினி எதையோ துடைப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டு, "படுத்துப் பாருங்கப்பா. நல்லாத் தெரியும்," என்றாள்.

"பார்க்கறதுக்கு மட்டும்தான்."

"பார்க்கறதுக்கு மட்டும்தான்."

படுத்தார். விரலை உயர்த்திச் சாவடிக்கு நேராக வைத்தார். "ம்ம்... இங்க கிளம்பறோம். மேடு வருது. இந்த வளைவு கொஞ்சம் கூர்மை, ரெண்டாவது கியர்ல வந்தாப் போதும்..." இடது கால் தானாக எதையோ மிதித்தது. அது நடைபாதை, அதில் முயல் வேண்டுமானால் போகலாம், பஸ் போகாது என்று நான் சொல்லவில்லை. மச்சினி மெல்ல அருகில் வந்தாள். கையில் சின்னக் கண்ணாடி.

"அப்பா, லேசா ஆ காட்டுங்க."

காட்டில் இருந்தவர் யோசிக்காமல் காட்டினார். அவள் கண்கள் ஒரு கணம் பளிச்சென்றன. கண்ணாடி உள்ளே போகப்போகிற நேரம், மாமனார் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தார்.

"பாலம் எங்க?"

"எந்தப் பாலம் மாமா?"

"பாதை ஆத்துல இறங்கி நிக்குது. அந்தக் கரையில மறுபடி ஆரம்பிக்குது. நடுவுல நான் என்ன பண்ணணும், நீந்தணுமா?"

"அது... நடந்து போற பாதைதானே மாமா..."

"ஆத்து மேல எப்படி மாப்பிள்ளை நடக்கறது? நீங்க நடப்பீங்களா? நடந்து காட்டுங்க, நானும் வரேன்." செருப்பை மாட்டிக்கொண்டார். வாசலில் நின்று திரும்பினார். வீங்கத் தொடங்கியிருந்த கன்னத்தோடு கோணலாக ஒரு சிரிப்பு. "பாலம் போட்டதும் சொல்லி அனுப்புங்க. அன்னைக்கே வந்து பல்லைக் காட்டறேன்."

என் கொள்கை அவருக்கு மனப்பாடம். இல்லாத கோட்டை இவன் போட மாட்டான் என்று தெரிந்துதான் அந்த வாக்கைக் கொடுத்தார்.

அவர் இறங்கிப் போனதும் மச்சினி நாற்காலியில் தானே சாய்ந்து படுத்து மேலே பார்த்தாள். "இப்பதான் புரியுது அத்தான். எல்லாருமே அந்த இடத்துலதான் முழிச்சுக்கறாங்க. டீச்சர் அங்க வந்ததும் என் கையைப் பிடிச்சுப்பாங்க. தையல்காரர் கத்துவார். நான் ஊசியை மாத்தினேன், மெஷினை மாத்தினேன், பாட்டுப் போட்டேன். கடைசியில எல்லாரையும் ஆத்தங்கரையில கொண்டுவந்து நிறுத்தினது நீங்களா?"

வீட்டுக்கு வந்ததும் மூலத்தை எடுத்து விரித்தேன். ஆற்றின் மேல், சரியாக அந்த இடத்தில், வட்டமாக ஒரு கறை. யாரோ ஒரு மகானுபாவர் டம்ளரை வைத்த தடம். அதை எடுத்த நாள் நினைவிருந்தது. அழகாக எடுத்திருந்தேன். நிரப்பிய நீலம் எது, பழைய நீலம் எது என்று எனக்கே தெரியாத அளவுக்கு.

மனைவி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "இதுக்கு அடியில என்ன இருந்தது?"

"தண்ணி."

"எப்படித் தெரியும்?"

"சுத்தித் தண்ணிதானே இருக்கு?"

"பாலத்தைச் சுத்தியும் தண்ணிதாங்க இருக்கும்."

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். கறைக்குள் கறைதான் இருந்தது. பாலமோ, படகுத்துறையோ, முழங்கால் அளவில் இறங்கி நடக்கிற இடமோ, அந்த டம்ளர்க்காரருக்கே வெளிச்சம். இதே படம் எத்தனை வரவேற்பறைகளில் தொங்குகிறது! ஒருவராவது கேட்டாரா? அப்போதுதான் உறைத்தது. சோபாவில் உட்கார்ந்தால் படத்துக்கு முதுகைத்தான் காட்ட முடியும். என் வரைபடங்களை ஒழுங்காகப் படித்தவர்கள் இந்த உலகத்தில் மச்சினியின் நோயாளிகள் மட்டும்தான், அதுவும் வேறு வழியில்லாமல்.

"ஒரு பாலத்தைப் போட்டுடுங்க," என்றாள் மனைவி.

"இருந்துதுன்னு தெரியாம எப்படிப் போடறது? மூலத்தில் இல்லாத ஒரு கோட்டைக்கூட..."

"இல்லாத கோட்டைப் போட மாட்டீங்க. இருந்த பாலத்தைத் தூக்குவீங்க. அது எந்த ஊர்க் கொள்கை?"

நான் கோபித்துக்கொண்டேன். என் கோபம் எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரம்வரை செல்லும்.

அந்த வாரத்திலேயே மாமனாரின் கன்னம் பந்துபோல வீங்கிவிட்டது. மச்சினி மாத்திரை கொடுத்து அனுப்பினாள். நேரில் கொடுத்தால் வாங்க மாட்டார் என்று அக்கா மூலமாக, அக்கா அம்மா மூலமாக, அம்மா பாலில் கலக்காத குறையாக. வீக்கம் வடிந்தது. ஆனால் பல்லை இனி விட்டுவைக்க முடியாது என்றாள்.

"பெரிய ரோட்டு ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போங்க அத்தான்," என்றாள், நோயாளிகளுக்குக் காட்ட மேசையில் வைத்திருந்த மாதிரிப் பல் அச்சைத் திறந்து மூடிக்கொண்டே. "அங்க இருக்கறவர் நல்ல டாக்டர். எனக்கு ஒண்ணும் இல்ல. அவருக்கு வலி போனாச் சரி."

அவள் குரல் ரொம்ப சாதாரணமாக இருந்தது. அவ்வளவு சாதாரணமாக அவள் பேசிக் கேட்டதே இல்லை. பல் அச்சு கடகடவென்று மூடித் திறந்துகொண்டிருந்தது.

படி இறங்கும்போதே மாமனாருக்குப் போன் போட்டேன்.

"மாமா, பாலம் போடப்போறேன்."

எதிர்முனையில் டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "நீங்கதான் இல்லாத கோட்டைப் போட மாட்டீங்களே," என்றார். குரலில் லேசான பதற்றம்.

"உங்களுக்காகப் போடறேன். ஆனா பாலத்தைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? பக்கத்துல ஆள் இல்லாமப் போட்டா கண்டிப்பாத் தப்பாத்தான் போடுவேன்."

ஒரு பக்கம் பல் டாக்டர். மறுபக்கம், மருமகன் தப்புச் செய்யும்போதே பக்கத்தில் இருந்து திருத்துகிற பாக்கியம். எந்த மாமனாரால் அதை விட முடியும்?

"நான் வர்றதுக்குள்ள எதையும் தொட்டுடாதீங்க," என்றார்.

மச்சினி எனக்குத் தொப்பி, முகக்கவசம், கையுறை எல்லாம் மாட்டிவிட்டாள். ஏணியை நாற்காலியின் தலைமாட்டில் சற்றுத் தள்ளி நிறுத்தினோம். கண்ணாடிச் சன்னலில்கூட எழுதுகிற கறுப்பு மார்க்கர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். அக்ரிலிக் மேலேதானே, பிடிக்காவிட்டால் துடைத்துவிடலாம் என்று என் கொள்கைக்குச் சமாதானம் சொன்னேன். மனைவி ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

"விழுந்தா இந்தப் பக்கமா விழுங்க. அந்தப் பக்கம் அப்பா இருக்கார்."

மாமனார் படுத்தார். கண்ணாடியைச் சரிசெய்தார். "முதல்ல ரெண்டு கரையையும் அளவு பாருங்க. எடுத்த எடுப்புல கோட்டை இழுத்துடாதீங்க. தூண் வேணும். தூண் இல்லாம..."

"அப்பா, வாயைத் திறந்துட்டே சொல்லுங்க," என்றாள் மச்சினி.

"வாயைத் திறந்துட்டு எப்படி பாப்பா சொல்றது?"

"கையால. பஸ்ஸைப் பின்னால எடுக்கறப்ப கண்டக்டர் காட்டுவாரே, அந்த மாதிரி."

அவர் யோசித்தார். வாயைத் திறந்தார்.

அவள் ஊசியை எடுத்தாள். அவருடைய வலது கை அந்தரத்தில் அப்படியே நின்றது, விரல்கள் மெல்ல மூடத் தொடங்கின. இதுதான் பெரிய ரோட்டு ஆஸ்பத்திரியிலிருந்து அவரை ஓடவைத்த இடம் என்று எனக்குப் பட்டது.

"மாமா, இங்கேயிருந்துதானே ஆரம்பிக்கணும்?" என்று மார்க்கரைக் கொண்டுபோய்க் கரடியின் தலைமேல் வைத்தேன்.

கை வெகுண்டெழுந்தது. இல்லை இல்லை என்று ஆடியது. பின்னால் வா, வா, வா என்று அழைத்தது. நான் வேண்டுமென்றே ஆற்றைத் தாண்டி மலைக்குப் போனேன். நிறுத்து என்று உள்ளங்கை காட்டியது. அதற்குள் ஊசி போய், வந்தும்விட்டது.

மரத்துப்போவதற்காகக் காத்திருந்த நேரத்தில் தூண்களை முடித்தோம். தடித்த நாக்கோடு, "இன்னும்... இழது பக்கம்," என்றார். பிறகு மறுபடி வாய் திறந்தது, கை பேசியது. நான் ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்கு மெல்ல மெல்லக் கோடு இழுத்தேன். மேலேயிருந்து பார்த்ததால் எனக்கு எல்லாம் தெரிந்தது. அவள் இடது கை அவர் தாடையை ஏந்தியிருந்தது. வலது கை இடுக்கியோடு உள்ளே அசைந்தது. துளி நடுக்கம் இல்லை. மலைவளைவில் பஸ் திருப்புகிறவர் கை அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். நடுங்கியது என் கைதான். கீழே ஏணியும் நடுங்கியது, ஏனென்றால் அதைப் பிடித்திருந்தவள் அப்பாவைப் பார்க்க முடியாமல் என் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள்.

கடைசித் தூணிலிருந்து கோட்டை அந்தக் கரையில் சேர்த்தேன். "சரியா மாமா?"

அவர் விரல் சாவடியிலிருந்து கிளம்பியது. மேடு ஏறியது, கூர்மையான வளைவைத் திரும்பியது, ஆற்றங்கரையில் ஒரு கணம் நின்றது. பாலத்தில் ஏறியது. நடுவில் வந்தபோது, கோணலாகப் போயிருந்த இடத்தில் என்னை ஒரு முறை முறைத்தார். அப்புறம் கடந்தார். ரைட், போகலாம் என்று கை லேசாக ஆடியது.

பிறகு, யாரும் சொல்லாமலே, கையை நாற்காலியின் கைப்பிடிமேல் இறக்கிவைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

மச்சினி அதைப் பார்த்தாள். ஒரு மூச்சு இழுத்துக்கொண்டாள். கீழே தட்டில் டங்கென்று ஒரு சத்தம் கேட்டது, அவ்வளவுதான். பஞ்சை வைத்து அழுத்தினாள். அவர் கண்ணைத் திறக்கவில்லை. நெற்றியில் சுருக்கம்கூட இல்லை.

அவள் குனிந்து அவர் தோளைத் தட்டினாள்.

"வந்தாச்சுப்பா. எழுந்திருங்க."

அவர் கண் திறந்து அவளைப் பார்த்தார். பஞ்சு இருந்ததால் பேச முடியவில்லை. அவள் கன்னத்தைத் தட்ட நினைத்து, மரத்துப்போயிருந்த தன் கன்னத்தையே தட்டிப் பார்த்துக்கொண்டார். மச்சினி கை கழுவ உள்ளே போனாள். குழாய் ரொம்ப நேரம் ஓடியது. தண்ணீரை வீணாக்கினால் சத்தம் போடுகிற மாமனார் அன்று நிறுத்தச் சொல்லிக் கைகூடக் காட்டவில்லை.

வெளியே காத்திருப்போர் பெஞ்சில், கன்னத்தில் ஐஸ் பையோடு அவரும், விரலெல்லாம் மார்க்கர் மையோடு நானும் உட்கார்ந்திருந்தோம். பஞ்சை எடுத்த பிறகு மெதுவாகச் சொன்னார்.

"வலிக்குப் பயந்தேன்னு நினைச்சீங்களா மாப்பிள்ளை?"

"ஆமா மாமா."

கொஞ்சம் யோசித்தார். "சரி, கொஞ்சம் பயந்தேன். ஆனா அது இல்ல. இவளுக்குச் சின்னப் பிள்ளையில ஊசி போடறப்பல்லாம் நான் வெளியவே நின்னுடுவேன். அவ அழற சத்தம் காதுல விழுந்தா அன்னைக்குப் பூரா எனக்குக் கை நடுங்கும். வண்டி எடுக்க முடியாது, லீவு போட்டுடுவேன். அவளும் என் பொண்ணுதானே? நான் கத்திட்டேன்னா அவளுக்கும் அப்படி ஆயிடுச்சுன்னா? புதுசாத் திறந்திருக்கா. கைதானே மாப்பிள்ளை அவளுக்கு எல்லாம்?"

"அதுக்காக வேற ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?"

"அங்க கத்தினா யாருக்கு என்ன?"

"அப்புறம் ஏன் அங்கேயிருந்து ஓடிவந்தீங்க?"

அவர் ஐஸ் பையை மறு கைக்கு மாற்றினார். "அங்க சீலிங்ல ஒண்ணுமே இல்ல. வெறும் வெள்ளை."

உள்ளே குழாய் நின்றிருந்தது. கதவுக்குப் பின்னால் யாரோ மூக்குச் சிந்துகிற சத்தம் கேட்டது. அக்காவா தங்கையா என்று நான் ஆராயவில்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் என் பெயர் நன்றாக இருந்திருக்கும். பாலம் இன்னும் சீலிங்கில் இருக்கிறது, நடுவில் இடுப்பு ஒடிந்தது போலக் கோணிக்கொண்டு. துடைத்துவிட்டு ஒழுங்காக அச்சடித்துத் தருகிறேன் என்றேன், மச்சினி விடவில்லை. டீச்சர் இப்போது கையைப் பிடிப்பதில்லையாம். தையல்காரர் அக்கரையில் இன்னொரு துண்டு நிலம் பார்த்திருக்கிறாராம்.

மாமனாருக்குத்தான் பொழுது நன்றாகப் போகிறது. தினமும் காலையில் சட்டை மாற்றிக்கொண்டு கிளினிக்குக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறார். உள்ளே போகிற ஒவ்வொருவரிடமும், "எந்த வழியாப் போகப்போறீங்க?" என்று கேட்கிறார். பாலத்து வழியாக என்று அவர்கள் சொன்னால் குரலைத் தாழ்த்துகிறார்.

"அதுல போகாதீங்க. அது எங்க மாப்பிள்ளை போட்டது. ஏரிக்கரை வழியாச் சுத்திப் போங்க, கொஞ்சம் தூரம்தான், ஆனா பத்திரம்."

போன வாரம் இன்னொரு பல் லேசாக ஆடுகிறது என்று தானாகவே போய் நாற்காலியில் படுத்தார். நான் அங்கேதான் இருந்தேன். சாவடியிலிருந்து விரல் கிளம்பியது. ஏரிக்கரைப் பக்கம் திரும்பும் என்று பார்த்தேன். திரும்பவில்லை. நேராக வந்து, கோணலான இடத்தில் ஹாரன் அடிப்பது போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு, பாலத்தின் மேலேயே போனார்.